வினாத்தாளே பாடத்திட்டம்

பொறியியல் கல்லூரிப் பாடத்திட்ட நூல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்தோடும் ஐந்தாறு வரிகள் சேர்த்து அச்சிடப்பட்டிருக்கும். இப்பாடத்தை முடிக்கும் மாணவரால் இன்னின்னவற்றைச் செய்ய முடியும் என்று உறுதி சொல்லும் வரிகள் அவை. கற்றல் விளைவுகள் என்று பெயர். கணினிப் பொறியியலில் ‘டேட்டா ஸ்டிரக்சர்ஸ்’ என்றொரு அடிப்படைப் பாடம் உண்டு. தகவல்களைக் கணினியின் நினைவகத்தில் எந்த ஒழுங்கில் வைத்தால் தேடவும் சேர்க்கவும் நீக்கவும் எளிது என்பதைக் கற்றுத்தருவது அது. ஒரு சிக்கலைக் கொடுத்தால் அதற்குப் பொருத்தமான ஒழுங்கைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்த மாணவரால் முடியும் என்பது அதன் கற்றல் விளைவுகளில் ஒன்றாக ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கும். பருவத் தேர்வில் கேட்கப்படுவதோ, ஸ்டாக் என்றால் என்ன, அதன் செயல்பாடுகளை அல்காரிதத்துடன் விளக்குக, பதிமூன்று மதிப்பெண் என்பது. பாடத்திட்டம் தேர்ந்தெடுக்கும் திறனை வாக்களிக்கிறது. தேர்வு, நோட்ஸில் உள்ளதைத் தாளுக்கு மாற்றும் திறனுக்கு மதிப்பெண் போடுகிறது. கற்றல் விளைவுகள் அச்சிட்ட பக்கத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஒரு மாணவர் நான்கு ஆண்டுகளையும் முடித்துவிடலாம். பழைய வினாத்தாள்களைப் பார்க்காமல் ஒரு பருவத்தைக்கூட யாரும் தாண்டத் துணிவதில்லை.

மாணவர்களைக் குறை சொல்லப் பயனில்லை. நியாயமாக யோசிக்கும் எவரும் அப்படித்தான் செய்வார்கள். ஒரு பாடத்தில் உண்மையில் எது முக்கியம் என்பதை ஆசிரியரின் முன்னுரையிலிருந்தோ அச்சிட்ட நோக்கங்களிலிருந்தோ மாணவர் தெரிந்துகொள்வதில்லை. எதற்கு மதிப்பெண் கிடைக்கிறது என்பதிலிருந்தே தெரிந்துகொள்கிறார். அந்த வகையில் வினாத்தாள்தான் அவருடைய பாடத்திட்டம். ஆகவே உயர்கல்வியைச் சீர்திருத்த விரும்புகிறவர்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடமும் அதுதான். நம் நாட்டில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தச் சீர்திருத்தத்தின் பெயரால் ஏராளமான உழைப்பு செலவாகியிருக்கிறது. ஆனால் அந்த உழைப்பில் பெரும்பகுதி வினாவைத் தொடவில்லை. வினாவுக்குப் பக்கத்தில் ஒட்டும் அடையாளச் சீட்டுகளுக்கே போயிருக்கிறது.

தேர்வு படிப்பை எப்படி வளைக்கிறது என்பதற்குப் பழைய சான்றுகள் உண்டு. ஸ்வீடனின் யோதெபோரி பல்கலைக்கழகத்தில் ஃபெரன்ஸ் மார்ட்டன், ரோஜர் செல்யோ என்ற இரு ஆய்வாளர்கள், மாணவர்களிடம் கட்டுரைகளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று விசாரித்தார்கள். 1976இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு வகை வாசிப்பு தெரிந்தது. சிலர் கட்டுரையாளர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடினார்கள். வேறு சிலர் எதைக் கேட்பார்களோ என்று கணித்துச் சொற்களைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். முன்னதற்கு ஆழக் கற்றல், பின்னதற்கு மேலோட்டக் கற்றல் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் ஆய்வின் இன்னொரு பகுதிதான் நமக்கு முக்கியம். ஒவ்வொரு பகுதியை வாசித்த பிறகும் சிறு சிறு விவரங்களையே கேட்டுவந்தபோது, அந்த மாணவர்கள் போகப் போக விவரங்களைப் பொறுக்குவதற்காகவே வாசிக்கத் தொடங்கினார்கள். ஆக, மேலோட்டமாகப் படிப்பதை மாணவரின் பிறவிக் குணம் என்று ஒதுக்கிவிட முடியாது. கேள்விக்குத் தக்கபடி அவர் தன் படிப்பை அமைத்துக்கொள்கிறார்.

இதைவிடத் தெளிவான சான்று ஒரு ராணுவப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் பீரங்கிகளைப் பராமரிக்கும் வீரர்களுக்கு ஒரு பள்ளி இருந்தது. அங்கே எந்த மாணவர் நன்றாகத் தேறுவார் என்பதை முன்கூட்டிக் கணிக்கும் வேலை உளவியலாளர் நார்மன் ஃபிரெடெரிக்சனிடம் வந்தது. கணக்கைப் பார்த்தபோது, வாசிப்புத் திறனில் கூடுதல் மதிப்பெண் பெற்றவர்களே அந்தப் பள்ளியிலும் முன்னணியில் நின்றார்கள். இயந்திரங்களைக் கையாளும் திறமைக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. பீரங்கியைக் கழற்றி மாட்டுவதற்கு வாசிப்பு ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்று அவர் வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தார். மேடையில் நின்று சொற்பொழிவு, கையில் கையேடு, கடைசியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் எழுத்துத் தேர்வு. காரணம் விளங்கிவிட்டது. எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக, உண்மையான பீரங்கியின் பாகங்களைக் கழற்றித் திரும்ப மாட்டிக் காட்டும் செய்முறைத் தேர்வை அவர் குழு கொண்டுவந்தது. முதல் அணியில் செய்து காட்டியவர்கள் மிகச் சிலரே. தேர்வு மிகக் கடினம் என்று பயிற்சியாளர்கள் முறையிட்டார்கள். ஆனால் தேர்வு மாற்றப்படவில்லை. அடுத்து வந்த அணிகள் என்ன கேட்கப்படும் என்பதை அறிந்தே வந்தன. மதிப்பெண்கள் மளமளவென்று ஏறின. பயிற்சியாளர்கள் வகுப்பறையிலிருந்து நாற்காலிகளையும் சொற்பொழிவு மேடையையும் வெளியே போட்டுவிட்டுப் பீரங்கிகளை உள்ளே கொண்டுவந்தார்கள். பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை, ஆசிரியர்களுக்குப் பயிலரங்கும் நடக்கவில்லை. மாறியது தேர்வு ஒன்றுதான். 1984இல் ஃபிரெடெரிக்சன் இதை எழுதியபோது, தேர்வுகளின் உண்மையான ஓரவஞ்சனை எது என்ற கேள்வியோடு சேர்த்தே எழுதினார். எழுத்தில் கேட்க எளிதானவற்றை மட்டும் கேட்டுக்கேட்டு, மற்றவற்றைக் கற்பிப்பதையே நிறுத்திவிடுகிறோம் என்பது அவருடைய கவலை.

இந்த அறிவை ஒரு முறையாக வகுத்தவர் ஜான் பிக்ஸ். ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், பகுதிநேரமாகக் கல்வியியல் படிக்க வந்த பள்ளி ஆசிரியர்களுக்கு உளவியல் நடத்தினார். உளவியல் கோட்பாடுகளை எழுதச் சொல்லும் தேர்வை நிறுத்திவிட்டு, உளவியல் தெரிந்ததால் உங்கள் வகுப்பறையில் என்ன மாறியது என்பதற்கான சான்றுகளைத் திரட்டிக் கோப்பாகக் கொண்டுவரச் சொன்னார். முதலில் மாணவர்களுக்குத் தலைகால் புரியவில்லை, புகாரும் எழுந்தது. பிறகு, அந்தக் கோப்புக்கு என்ன தேவையோ அதை அவர்களே வகுப்பில் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். மாணவர் என்ன செய்ய வல்லவராக வேண்டும் என்பதை முதலில் வரையறு. அதையே தேர்வில் செய்யச் சொல். அதைப் பழகும் இடமாக வகுப்பை வை. இந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்று 1996இல் அவர் எழுதிய கட்டுரைதான், இன்று உலகெங்கும் பல்கலைக்கழகத் தர அமைப்புகள் பேசும் மொழிக்கு மூலம்.

நம் நாட்டில் இந்த நேர்கோடு ஏன் இவ்வளவு கோணலாகிப் போனது என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1857இல் சென்னை, கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது, அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் அவற்றுக்கு மாதிரியாக அமைந்தது. கல்லூரிகள் கற்பிக்கும், பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் தரும் என்பது அந்த ஏற்பாடு. கற்பிப்பவர் ஒருவர், கேள்வி கேட்பவர் வேறொருவர் என்ற பிரிவினை பிறப்பிலேயே வந்துவிட்டது. 1902இல் கூடிய இந்தியப் பல்கலைக்கழகங்கள் ஆணையமே, தேர்வுக்குக் கற்பித்தல் அடிமைப்பட்டுக் கிடப்பதை இந்த அமைப்பின் தலையாய கேடு என்று சுட்டியது. சுதந்திரத்துக்குப் பிறகு டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த ஆணையம், ஒரே ஒரு சீர்திருத்தத்தை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்ற பொருளில் எழுதியது. அறிவின் படிநிலைகளை நினைவுகூர்தல் தொடங்கி ஆறாக வகுத்த அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம், தம் நூல் 1956இல் வெளிவந்த ஓரிரு ஆண்டுகளிலேயே இந்தியாவுக்கு வந்து நம் ஆசிரியர்களுடன் தேர்வுச் சீர்திருத்தம் பற்றிப் பயிலரங்குகள் நடத்திவிட்டுப் போனார். நோயும் தெரியும், மருந்தும் தெரியும் என்ற நிலைக்கு நாம் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

பொறியியலில் இந்தப் பேச்சு கட்டாயமாக மாறியது வாஷிங்டன் உடன்படிக்கையால். ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை இன்னொரு நாடு சமமாக ஏற்கும் ஏற்பாடு அது, 1989இல் தொடங்கியது. 2014 ஜூனில் இந்தியா அதில் முழு உறுப்பினரானது. அதற்கு, நம் தேசிய அங்கீகார வாரியம் ‘என்ன கற்பித்தோம்’ என்ற கணக்கிலிருந்து ‘மாணவரால் என்ன முடிகிறது’ என்ற கணக்குக்கு மாற வேண்டியிருந்தது. அன்றுமுதல் கல்லூரிகளில் சி.ஓ., பி.ஓ. என்ற இரு சுருக்கங்கள் இல்லாமல் ஒரு நாளும் நகர்வதில்லை. சி.ஓ. என்பது ஒரு பாடத்தின் விளைவு, பி.ஓ. என்பது முழுப் படிப்பின் விளைவு. ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் அது எந்த சி.ஓ.வைச் சேர்ந்தது, ப்ளூமின் எந்தப் படியைச் சேர்ந்தது என்று கே1 முதல் கே6 வரை குறியிட வேண்டும். குறித்த மதிப்பெண்ணைத் தாண்டியவர்கள் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலையாக்கி, பெரிய எக்செல் தாள்களில் பெருக்கி வகுத்து, இந்தப் பாடத்தின் விளைவு இவ்வளவு எட்டப்பட்டது என்று தசம எண்ணில் காட்ட வேண்டும். அங்கீகாரக் குழு வருவதற்கு முந்தைய மாதங்களில் இந்தத் தாள்களோடு ஆசிரியர்கள் படும் பாட்டைத் துறையில் உள்ளவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

அந்தத் தசம எண் எதை அளக்கிறது என்று பார்ப்போம். பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரிக்குப் பருவத் தேர்வின் வினாவாரியான மதிப்பெண் பொதுவாகக் கைக்கு வருவதில்லை. வருவது பாடத்துக்கு ஒரு கிரேடு. ஆகவே அந்த ஒரே கிரேடை அந்தப் பாடத்தின் ஐந்து விளைவுகளுக்கும் சமமாகப் பங்கிட்டு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. ஐந்தாவது அலகை ஒருவருமே படிக்காமல் விட்டிருந்தாலும், ஐந்தாவது விளைவும் முதல் விளைவைப் போலவே எட்டப்பட்டதாகக் கணக்கு காட்டும். இது ஆசிரியர்களின் பொய் அல்ல. கொடுத்த தகவலில் அதற்கு மேல் எழுத முடியாது. ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எந்த வகுப்பையும் திருத்தவும் முடியாது.

இதைவிட ஆழமான கோளாறு கே எண்களில் இருக்கிறது. ‘ஸ்டாக் செயல்பாடுகளை விளக்குக’ என்றால் அது இரண்டாம் படி. மேல்படி வினாக்கள் இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தால், அதே வினா ‘ஸ்டாக் செயல்பாடுகளைப் பகுத்தாய்க’ என்று மாறி நான்காம் படி ஏறிவிடுகிறது. வினைச்சொல் ஒன்று மாறியதைத் தவிர, மாணவர் எழுதப்போகும் விடையில் ஒரு வரிகூட மாறாது. இதை ஏமாற்று என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் நேர்மையாக எழுதப்பட்ட வினாவுக்கும் இதே கதி நேர்கிறது. உண்மையிலேயே யோசிக்க வைக்கும் ஒரு வினாவை இந்த ஆண்டு கேட்டால், அடுத்த ஆண்டு அது விடையோடு கேள்வி வங்கியில் ஏறியிருக்கும். மூன்றாம் ஆண்டு அது ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்’ பட்டியலில் நட்சத்திரக் குறியோடு இருக்கும். அப்போது அதை எழுதும் மாணவர் பகுத்தாய்வதில்லை, நினைவுகூர்கிறார். ஒரு வினா எந்தப் படியில் இருக்கிறது என்பது அதன் வினைச்சொல்லில் இல்லை. அதைச் சந்திக்கும் மாணவர் அதற்கு முன் எதைப் பார்த்திருக்கிறார் என்பதில் இருக்கிறது. புதிதாகச் சந்திக்காத ஒரு சிக்கல், எவ்வளவு கடினமாக இருந்தாலும், பழகிய பாடம்தான். நம் தர அமைப்புகள் குறியீட்டை மட்டும் சரிபார்க்கின்றன. வினா புதியதா என்று பார்ப்பதில்லை. நம் சீர்திருத்தம் தாளோடு நின்றுபோனதற்கு இதையே நான் முதற்காரணமாகச் சொல்வேன்.

பழகிய கணக்கைப் போடுவது புரிதலுக்குச் சான்றாகாது என்பதை ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1990 வாக்கில் கண்டார். அவர் மாணவர்கள் கடினமான மின்சுற்றுக் கணக்குகளைச் சமன்பாடு எழுதித் தீர்த்தார்கள். அதே தேர்வில், சில பல்புகளும் ஒரு சுவிட்சும் உள்ள எளிய சுற்றைக் காட்டி, சுவிட்சை மூடினால் எந்த பல்பு பிரகாசமாகும், எது மங்கும் என்று கேட்டார். கணக்கைப் போட்ட பலர் இதில் தடுமாறினார்கள். பிந்தையதற்குக் கணிதமே தேவையில்லை. மின்னோட்டம் எப்படிப் பிரிகிறது என்ற புரிதல் போதும். உலகின் தேர்ந்தெடுத்த மாணவர்களிடமே இந்த இடைவெளி இருந்தது. எனவே நம் மாணவர்களிடம் அது தெரிந்தால் அதை அவர்களின் தரக்குறைவு என்று எழுதிவிடக் கூடாது. கேள்வியின் தன்மையால் விளைவது அது.

சரியான வினா எப்படி இருக்கும்? அதே டேட்டா ஸ்டிரக்சர்ஸ் பாடத்துக்கே திரும்புவோம். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் டோக்கன் வரிசை இருக்கிறது. அவசர நோயாளி வந்தால் அவர் முன்னால் போக வேண்டும். காத்திருந்து சலித்துச் சிலர் இடையிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். அடுத்தவர் யார் என்பதை உடனே சொல்லும் மென்பொருளுக்கு எந்தக் கட்டமைப்பைப் பயன்படுத்துவீர்கள்? சாதாரண ‘க்யூ’ ஏன் போதாது? 50 நோயாளிகள் என்பது 50,000 என்றானால் உங்கள் தேர்வு மாறுமா? இந்த வினாவுக்கு ஒரே விடை கிடையாது. முன்னுரிமை வரிசையை ‘ஹீப்’ முறையில் அமைக்கலாம் என்று ஒருவர் எழுதுவார். அவசரத்துக்கு ஒரு பட்டியல், மற்றவருக்கு ஒரு பட்டியல் போதும் என்று இன்னொருவர் எழுதுவார். இடையில் எழுந்துபோனவரை ஹீப்பில் தேடி நீக்குவது எளிதல்ல என்பதைக் கவனித்தாரா, 50 பேருக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம் என்று சொல்லும் நிதானம் இருந்ததா என்பதில்தான் தரம் தெரியும். காரணத்தோடு கூடிய தேர்வுக்கு ஐந்து, சேர்க்கும் படிகளைக் காட்டியதற்கு நான்கு, நீக்கும் சிக்கலை உணர்ந்ததற்கு நான்கு என்று மதிப்பெண்ணைப் பிரித்தால் அதே பதிமூன்றுதான். ஸ்டாக் பற்றி நான்கு பக்கம் எழுதுவதற்கு ஆகும் நேரம்கூட இதற்கு ஆகாது.

இன்னொரு பக்கமும் உண்டு. கற்றல் விளைவோடு பொருந்தும் தேர்வு, விளைவில் சொல்லாததை அளக்கவும் கூடாது. மூன்று மணி நேரத்தில் எத்தனை பக்கம் எழுதினார், கூடுதல் தாள் எத்தனை வாங்கினார், தலைப்புகளுக்கு அடிக்கோடு போட்டாரா, ஆங்கில வாக்கியம் வழுக்காமல் ஓடுகிறதா என்பவையெல்லாம் நம் விடைத்தாள்களில் மறைமுகமாக மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன. எந்தப் பொறியியல் பாடத்தின் விளைவிலும் வேகமாக எழுதும் திறன் இடம்பெறவில்லை. மருத்துவமனை வினாவுக்கு ஒரு படமும் பத்து வரிகளும் போதும். அது தமிழில் இருந்தாலும் அளக்க வேண்டியது அளக்கப்பட்டுவிடும்.

எதிர்வாதங்களில் வலுவானது நியாயம் பற்றியது. லட்சக்கணக்கான விடைத்தாள்களை முகம் தெரியாத ஆசிரியர்கள் மையத்தில் உட்கார்ந்து திருத்தும் அமைப்பில், பல விடைகளுக்கு இடமளிக்கும் வினா வந்தால் மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறும், மனப்பாட வினாவாவது எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்கிறார்கள். இந்தக் கவலை உண்மையானது. ஆனால் பதிமூன்று மதிப்பெண் கட்டுரை விடையும் ஆளுக்கு ஆள் மாறித்தான் மதிப்பிடப்படுகிறது. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பவர்களின் அனுபவம் அதற்குச் சாட்சி. அளவுகோலைச் சீராக்க வழி உண்டு என்பதை மருத்துவக் கல்வி காட்டியிருக்கிறது. ஒரு காலத்தில் மருத்துவ மாணவரின் செய்முறைத் தேர்வு, அன்று அவருக்கு எந்த நோயாளி வாய்த்தார், எந்தத் தேர்வாளர் எதிரே நின்றார் என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவர் குழுவினரும் 1975இல் ஒரு மாற்றை வெளியிட்டார்கள். மாணவர்கள் மணியடிக்க மணியடிக்க ஒரு மேசையிலிருந்து அடுத்ததற்கு நகர்வார்கள். ஒன்றில் நோயாளியிடம் விவரம் கேட்க வேண்டும், இன்னொன்றில் உடலின் ஒரு பகுதியைப் பரிசோதிக்க வேண்டும், வேறொன்றில் ஆய்வக முடிவைப் படித்துச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அதே பணி, அதே நேரம், தேர்வாளர் கையில் அதே சரிபார்ப்புப் பட்டியல். ‘ஆஸ்கி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த முறை இன்று உலகின் மருத்துவக் கல்லூரிகளில் சாதாரண நடைமுறை. 2019இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்துக்கு மாறிய நம் எம்.பி.பி.எஸ். படிப்பும் இதை ஏற்றிருக்கிறது. சீரான மதிப்பீட்டையும் உண்மையான திறனையும் ஒன்றாகக் கேட்க முடியும். அதற்கு விடைத்தாளைத் திருத்தும் நேரத்தில் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை வினா எழுதும் நேரத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு வினாத்தாளைச் சில நாள் அவகாசத்தில் தனியாளாக எழுதிக் கொடுக்கச் சொல்லும் வழக்கத்தில் அது நடக்காது.

அடிப்படைகளை நினைவில் வைக்காமல் யோசிப்பது எப்படி என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. மருந்தளவு தெரியாத மருத்துவரோ, காங்கிரீட்டின் தரங்களை ஒவ்வொரு முறையும் புத்தகத்தில் தேடும் பொறியாளரோ வேண்டாம். நினைவே நோக்கமான இடத்தில் நினைவு வினா மிகப் பொருத்தமானது; இரண்டு மார்க் வினாக்கள் அதற்காகவே இருக்கட்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்மைக்கால வினாத்தாள் அமைப்பில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, பதிமூன்று மதிப்பெண் வினாக்கள் ஐந்து, பதினைந்து மதிப்பெண் வினா ஒன்று. நினைவுக்கு இருபது மதிப்பெண் தாராளமாகப் போதும். மீதி எண்பதும் நினைவுக்கே போய்விடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. கடைசிப் பதினைந்து மட்டும் புதிய சிக்கலாக வந்தாலும் போதாது. அதைத் தொடாமலே எண்பத்தைந்துக்கு எழுதலாம் என்றால், அதற்கு யாரும் தயாராக மாட்டார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்த எதிர்வாதம் வேறு. கிராமத்திலிருந்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு மனப்பாடத் தேர்வு ஒரு ஏணி. உழைத்தால் மதிப்பெண் வரும் என்ற உத்தரவாதம் அதில் இருக்கிறது. புதிய சிக்கல், சுதந்திரமான விடை என்றெல்லாம் போனால், வீட்டில் புத்தகமும் ஆங்கிலமும் உள்ள பிள்ளைகளே முந்துவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்த ஏணி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கல்லூரி கேட்காத அந்தக் கேள்வியை வளாக நேர்காணலில் நிறுவனம் கேட்கிறது. அப்போது, கல்லூரியில் கிடைக்காத பயிற்சியை வெளியே பணம் கொடுத்து வாங்க முடிந்தவர்கள் தேறுகிறார்கள். நல்ல மதிப்பெண்ணோடு மற்றவர்கள் திரும்புகிறார்கள். திறனைக் கேட்கும் தேர்வை நாம் தவிர்த்துவிடவில்லை, யாரும் கற்றுத்தராத இடத்துக்குத் தள்ளியிருக்கிறோம். எது எதிர்பார்க்கப்படுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லி, அதுபோன்ற சிக்கல்களை வகுப்பிலேயே வாரந்தோறும் பழக்கி, நல்ல விடையின் மாதிரிகளைக் காட்டி, பிறகு புதியதொன்றைத் தேர்வில் கேட்டால், அதிகம் பயன்பெறுபவர் அந்த முதல் தலைமுறை மாணவர்தான். மற்றவர்களுக்கு வீட்டிலோ டியூஷனிலோ கிடைத்துவிடும். அவருக்கு வகுப்பறை ஒன்றே கதி. பழக்காமல் வினாத்தாளை மட்டும் மாற்றினால் அது கொடுமை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மாற்றத்தை இரண்டு ஆண்டுக்கு முன்பே அறிவிக்க வேண்டும்.

இலக்கியத்தையும் தத்துவத்தையும் கற்பிப்பவர்கள், அளக்கக் கூடிய விளைவுகளாகக் கல்வியை வெட்டித் துண்டாக்குகிறீர்கள் என்று வருந்துகிறார்கள். சிலப்பதிகாரத்தை வாசித்தவரிடம் நிகழும் மாற்றத்தைப் பட்டியலில் அடைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். தேர்வில் வராதவற்றை வராதவை என்றே விட்டுவிடலாம். பொறியியலிலும், நெடுங்காலம் பன்னிரண்டாக வரையறுக்கப்பட்டிருந்த பி.ஓ.க்களில் குழுவாக உழைத்தல், அறநெறி, வாழ்நாள் முழுதும் கற்றல் போன்றவற்றை மூன்று மணி நேர எழுத்துத் தேர்வால் அளந்ததாகக் காட்டுவதைவிட, அளக்கவில்லை என்று எழுதுவது நேர்மை. ஆனால் காப்பிய நயத்தை உணரும் மாணவரை உருவாக்குவதே நோக்கம் என்று சொல்லிவிட்டு, உரைநூலில் உள்ள நயங்களை வரிசைப்படுத்தி எழுதச் சொல்வது இலக்கியத்துக்குச் செய்யும் மரியாதையா? கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரும் காலமும் இல்லாத கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். நன்கு படித்த மாணவர்களும் பெயரின் துணையில்லாமல் கவிதையைப் படிக்கத் திணறியதை 1929இல் நூலாக வெளியிட்டார். முன்பு பார்த்திராத ஒரு சங்கப் பாடலை, அருஞ்சொற்பொருளோடு, திணையும் ஆசிரியரும் குறிப்பிடாமல் தமிழ் எம்.ஏ. தேர்வில் கொடுத்துப் பாருங்கள். வாசிக்கக் கற்றவர் யார் என்பது ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும். விளைவு சார்ந்த தேர்வு என்பதற்கு இலக்கியத்தில் இதுவே பொருள். எக்செல் தாள் தேவையில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, வீட்டில் எழுதிவரும் அசைன்மென்ட்டுகளை நம்ப முடியவில்லை, பழைய எழுத்துத் தேர்வே பாதுகாப்பு என்ற குரலும் கேட்கிறது. தேர்வு அறைக்குத் திரும்புவதில் தவறில்லை. புத்தகத்தை அனுமதித்து, புதிய சிக்கலைக் கொடுத்து, அறையில் எழுத வைக்கலாம். செய்த திட்டப்பணியை வைவாவில் குடைந்து கேட்கலாம். பழைய அறைக்குத் திரும்புகிறோம் என்று பழைய வினாவுக்கும் திரும்பினால், ஒரு நொடியில் இயந்திரம் எழுதித் தரும் விடையைக் கையால் எழுதப் பழக்குவதற்கு நான்கு ஆண்டுகளைச் செலவிடுவோம்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இலேயே தேர்வுச் சீர்திருத்தக் கொள்கையை வெளியிட்டுவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவும் அடுத்த ஆண்டே மதிப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. இனி வேண்டியது நடைமுறைதான். பல்கலைக்கழகங்கள் வினாவாரியான மதிப்பெண்ணைக் கல்லூரிகளுக்குத் திருப்பித் தர வேண்டும். வினாத்தாளைத் தனியாளிடம் விடாமல், பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சிலர் கூடி எழுதவும், எழுதியவற்றைப் பழைய கேள்வி வங்கிகளோடு ஒப்பிட்டுப் பழகிய வினாக்களை நீக்கவும் ஏற்பாடு வேண்டும். அதற்குரிய நேரத்தையும் ஊதியத்தையும் தர வேண்டும். அங்கீகாரக் குழுக்கள் எக்செல் தாள்களை ஒதுக்கிவிட்டு, மூன்று ஆண்டு வினாத்தாள்களையும் சில விடைத்தாள்களையும் வாங்கிப் படித்தாலே ஒரு கல்லூரியின் உண்மை நிலை அரை நாளில் விளங்கிவிடும். மாணவர்களும் பெற்றோரும் புதிய வகை வினா வந்தவுடன் ‘அவுட் ஆஃப் சிலபஸ்’ என்று போராட்டத்தில் இறங்கும் முன், பாடத்திட்ட நூலில் கற்றல் விளைவுகள் அச்சிட்ட பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த வாக்குறுதி அவர்களுக்காகத்தான் எழுதப்பட்டது. அடுத்த பாடத்திட்டக் குழு கூடும்போது, எந்த அலகில் எந்தத் தலைப்பு என்று பிரிக்கத் தொடங்கும் முன், அந்தப் பாடத்துக்கு மூன்று மாதிரி வினாத்தாள்களை எழுதி மேசையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும். அந்த மூன்றையும் பாடத்திட்டத்தோடு சேர்த்தே அச்சிட்டு, முதல் வகுப்பன்றே மாணவர் கையில் கொடுக்கட்டும்.